வலி என்னும் சமிக்ஞை: உணர்விழந்த பாதத்தை அளந்தறிதல்

நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்குமான பாடம்

சத்துவாச்சாரியில் உள்ள நம் மருத்துவமனைக்கு ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களிலிருந்து பலர் வருகின்றனர். ஷூ கம்பெனியில் நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்களும், டேனரியில் ஈரத்தில் நடப்பவர்களும், அவர்களின் பெற்றோரும் அவர்களுள் அடங்குவர். பாதத்தில் ஆழமான புண்ணோடு வருபவரிடம் "இது எப்போது வந்தது?" என்று கேட்டால், "தெரியலைங்க, வலியே இல்லை" என்னும் விடையை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். வலி இல்லாததால் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று அவரும் எண்ணியிருப்பார்; வீட்டாரும் எண்ணியிருப்பர். உண்மையில் அந்த விடைதான் எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது.

வலி என்பது உடல் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் ஓர் அளவீட்டுச் செய்தி. அச்செய்தி நின்றுபோனால் அதைக் கண்டறியக் கருவிகள் உண்டு. ஆனால் அச்செய்தியின் இடத்தை நிரப்பக்கூடிய கருவி இன்றுவரை இல்லை. இவ்விரண்டு உண்மைகளையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

நரம்பு எவ்வாறு செய்தி அனுப்புகிறது?

நம் நரம்புகள் மிகச் சிறிய மின்துடிப்புகள் மூலம் செய்தி அனுப்புகின்றன. இத்துடிப்புகளின் வேகத்தை முதன்முதலில் அளந்தவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர். அதுவரை நரம்புச் செய்தி அளக்க இயலாத வேகத்தில் பாய்வதாகவே பலரும் கருதினர். 1850ஆம் ஆண்டு தவளையின் நரம்பைக் கொண்டு அவர் செய்த சோதனையில் அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் என்று தெரியவந்தது. மனிதரின் காலில் தசைகளை இயக்கும் நரம்புகளில் அது நொடிக்கு 40 மீட்டருக்கு மேல் இருப்பது இயல்பு.

எல்லா நரம்பிழைகளும் ஒரே வேகத்தில் செய்தி அனுப்புவதில்லை. தொடுதலையும் அதிர்வையும் கொண்டு செல்பவை தடித்த இழைகள், அவை விரைவானவை. எரிச்சலையும் மந்தமான வலியையும் கொண்டு செல்பவை மிக மெல்லிய இழைகள்; அவற்றில் செய்தி நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்திலேயே நகர்கிறது. வாசற்படியில் கால்விரலை இடித்துக்கொண்டவர், இடித்தது முதலில் தெரிந்து, கடுமையான வலி சற்றுப் பின்னால் வருவதை உணர்ந்திருப்பார். அந்த இடைவெளி இவ்வேக வேறுபாட்டால் நேர்வது.

இடுப்பிலிருந்து கால்விரல் நுனிவரை செல்லும் நரம்பிழைகள் உடலிலேயே மிக நீளமானவை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் இருக்கும். நீரிழிவு நோயில் இரத்தச் சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால், இந்நீண்ட இழைகளின் நுனிகளே முதலில் கெடுகின்றன. எனவே மரத்துப்போதல் விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல மேல்நோக்கிப் பரவும். இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்கின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023ஆம் ஆண்டு மதிப்பிட்டது. ஆகவே இது சிலருக்கு மட்டும் உரிய பாடமன்று.

வேலூர் கற்பித்த பாடம்

உணர்விழப்பின் விளைவை உலகுக்கு விளக்கிய பணி பெரிதும் நம் வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த ஆங்கிலேயரான டாக்டர் பால் பிராண்ட், 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியேற்றார். செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் இல்லத்தைப் பார்க்கச் சென்றபோது, மடங்கிய விரல்களைக் கொண்ட ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்துமாறு அவர் கேட்டார். பலமற்றிருக்கும் என்று அவர் நினைத்த அக்கை வலிக்கும் அளவுக்கு இறுகியது. அழுத்தியவருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியவில்லை. பலம் இருந்தது, அதை அளந்து சொல்லும் உணர்வு இல்லை.

தொழுநோயால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்பதே அக்காலத்தில் பரவலான நம்பிக்கை. பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினர். துருப்பிடித்த பூட்டின் சாவியைப் பிராண்டால் திருப்ப இயலாதபோது, உணர்விழந்த சிறுவன் ஒருவன் அதை எளிதில் திருப்பினான். அவன் விரல் எலும்பு தெரியும்வரை கிழிந்திருந்ததை அவன் அறியவில்லை. சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப்பிடி, செருப்பில் தைத்த ஆணி என ஒவ்வொன்றாகக் காரணங்கள் வெளிப்பட்டன. சிலருக்கு இரவில் உறங்கி எழும்போது விரலின் ஒரு பகுதி காணாமற்போயிருந்தது. இரவு முழுதும் விழித்திருந்து பார்த்தபோது, எலிகள் கடிப்பதும், வலி தெரியாததால் உறங்குபவர் விழிக்காததும் தெரியவந்தன. அதன்பின் அங்கிருந்தோருக்குப் பூனைகள் துணையாக அளிக்கப்பட்டன.

விரல்களைத் தின்றது நேரடியாக நோயன்று. அறியப்படாத காயங்களே என்பது அவர்கள் கண்ட முடிவு. தொழுநோய் இன்று கூட்டு மருந்துச் சிகிச்சையால் குணமாகிறது. ஆயினும் ஏற்கெனவே இழந்த உணர்வு பலருக்குத் திரும்புவதில்லை. நீரிழிவால் உணர்விழந்த பாதத்துக்கும் இதே ஆபத்து உண்டு. காரணங்கள் வேறாயினும், இரண்டிலும் கெடுவது நரம்பு. அழிப்பது அறியப்படாத காயம்.

மூன்று வகை அளவீடுகள்

உங்கள் பாதத்தின் உணர்வை நாங்கள் மூன்று வழிகளில் அளக்கிறோம்.

முதலாவது, நைலான் இழைச் சோதனை. மோனோஃபிலமெண்ட் எனப்படும் இவ்விழை பார்ப்பதற்குத் துடைப்பக் குச்சியின் ஒரு துண்டைப் போன்றது. அதைத் தோலின்மீது நேராக வைத்து அழுத்தினால், விசை 10 கிராம் அளவை எட்டியவுடன் வளையும். அதற்குமேல் எவ்வளவு தள்ளினாலும் வளைவு கூடுமேயன்றி விசை பெரிதும் கூடாது. எனவே யார் சோதித்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு விசை கிடைக்கிறது. இந்த 10 கிராம் இழையை உணர இயலாத பாதத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வு இல்லை என்று கொள்கிறோம்.

இரண்டாவது, அதிர்வுச் சோதனை. நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின்மீது வைத்துப் பார்ப்பது எளிய முறை. பயோதீசியோமீட்டர் என்னும் கருவி இன்னும் நுட்பமானது. அதன் முனையைப் பாதத்தில் வைத்து, அதிர்வின் வலிமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவோம். முதன்முதலில் அதிர்வை உணரும் கணத்தில் நீங்கள் சொல்ல வேண்டும். அப்போது கருவி காட்டும் எண் வோல்ட் அளவில் இருக்கும். அந்த வோல்ட் உங்கள் உடலுக்குள் செல்வதன்று. முனையை அதிரச் செய்யும் மின்னழுத்தமே. எண் 25ஐத் தாண்டினால் பாதத்தில் புண் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, நரம்புக் கடத்தல் சோதனை. இதில் நரம்பின் மின்துடிப்பையே நேரடியாகப் பதிவுசெய்கிறோம். கணுக்காலில் நரம்பின்மீது மிகக் குறுகிய நேரம் சிறு மின்தூண்டல் கொடுத்தால், பாதத்தின் தசை துடிக்கும். அத்துடிப்பு தொடங்கும் நேரத்தைக் கருவி குறிக்கும். பின்னர் முழங்காலின் அருகே தூண்டுவோம். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கணுக்காலில் தூண்டியபோது 5 மில்லிநொடியிலும், முழங்காலில் தூண்டியபோது 13 மில்லிநொடியிலும் தசை துடித்ததாகக் கொள்வோம். இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரம் 320 மில்லிமீட்டர். இத்தூரத்தைக் கடக்க 8 மில்லிநொடி ஆகியுள்ளது. 320ஐ 8ஆல் வகுத்தால் 40. அதாவது நொடிக்கு 40 மீட்டர். இதே தூரத்தைக் கடக்க 10 மில்லிநொடி ஆகியிருந்தால், வேகம் 32 மீட்டராகக் குறைந்துள்ளது என்பதை அறியலாம்.

மிகச் சிறிய சமிக்ஞை; மிகப் பெரிய இரைச்சல்

தோலின்மேல் ஒட்டும் மின்வாய்கள் வழியாக இச்சமிக்ஞைகளைப் பெறுகிறோம். இதயத்தின் மின்துடிப்பு ஈ.சி.ஜி.யில் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் அளவில் தெரியும். கணுக்காலின் பின்புறமுள்ள உணர்வு நரம்பிலிருந்து தோலின்மேல் கிடைப்பதோ சில மைக்ரோவோல்ட் முதல் சில பத்து மைக்ரோவோல்ட் வரைதான். 15 மைக்ரோவோல்ட் என்பது சாதாரண டார்ச் விளக்கு பேட்டரி ஒன்றின் மின்னழுத்தத்தில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு.

அறையைச் சுற்றியுள்ள கம்பிகளில் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிறது. அதன் சாயல் நம் உடலிலும் படிகிறது. அது நரம்பின் சமிக்ஞையைவிடப் பன்மடங்கு பெரியது. அதிலிருந்து நரம்பின் செய்தியைப் பிரித்தெடுக்க இரண்டு உத்திகள் உள்ளன.

ஓடும் பேருந்தில் இருவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். பேருந்தின் வேகம் இருவருக்கும் பொது. ஒருவருடைய வேகத்திலிருந்து மற்றவருடைய வேகத்தைக் கழித்தால் விடை சுழியமே. ஒருவர் எழுந்து நடந்தால் மட்டுமே வேறுபாடு தோன்றும். அதுபோலவே, அருகருகே ஒட்டப்பட்ட இரண்டு மின்வாய்களிலும் மின்கம்பியின் சாயல் ஏறத்தாழ ஒரே அளவில் விழுகிறது. நரம்பின் துடிப்போ ஒன்றை முதலிலும் மற்றொன்றைப் பின்னரும் கடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும் பெருக்கி, பொதுவான சாயலை நீக்கி, வேறுபாட்டை மட்டும் பெரிதாக்கித் தருகிறது.

இரண்டாவது உத்தி, ஒரே தூண்டலைப் பல முறை திரும்பக் கொடுத்துச் சராசரி எடுப்பது. நரம்பின் விடை ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் வரும். இரைச்சலோ ஒழுங்கின்றி வருவதால், கூட்டிச் சராசரி எடுக்கும்போது குறைந்துவிடும். "ஒரு முறை கொடுத்தது போதாதா? ஏன் மீண்டும் மீண்டும்?" என்று கேட்போருக்கு இதுவே விடை.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. சோதனை நாளன்று கால்களைச் சோப்பிட்டுக் கழுவி வாருங்கள். எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம். அவை தோலுக்கும் மின்வாய்க்கும் இடையே தடையாகும். குளிர்ந்த கால்களில் நரம்பின் வேகம் இயல்பாகவே குறையும். ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் குறையக்கூடும். அதனால்தான் முதலில் காலின் வெப்பநிலையைப் பார்த்து, தேவையானால் போர்வையால் மூடுகிறோம். இறுக்கமாக இருப்பின் தசைகளின் மின்துடிப்பு கலந்துவிடும். எனவே உடலைத் தளர்த்திப் படுத்திருங்கள். தூண்டல் சுண்டியிழுப்பது போலத் தோன்றுமேயன்றித் தீங்கு செய்யாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்போர் அதைச் சோதனைக்கு முன்பே தெரிவிக்க வேண்டும்.

இழைச் சோதனையிலும் அதிர்வுச் சோதனையிலும் அளக்கும் கருவியின் ஒரு பாதி நீங்களே. கண்களை மூடியபடி, உணர்ந்தால் மட்டும் "ஆம்" என்று சொல்லுங்கள். மருத்துவர் மனம் கோணக்கூடாது என்று ஊகித்து "ஆம்" என்போரும், "சொல்லுப்பா, தொடுறாங்க பார்" என்று அருகிலிருந்து தூண்டும் பிள்ளைகளும் உண்டு. அன்பினால் செய்யப்படும் இவ்வுதவி, உணர்விழந்த பாதத்தை நலமான பாதம் என்று ஏட்டில் பதியச் செய்துவிடும். அதன் விலையைப் பின்னர் நோயாளிதான் கொடுக்க நேரிடும்.

அறிக்கை சொல்லாதது

நரம்புக் கடத்தல் சோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கிறது. வலியையும் வெப்பத்தையும் கொண்டு செல்லும் மெல்லிய இழைகளின் சமிக்ஞை அதில் பதிவாவதில்லை. ஆகவே பாதம் தீயாய் எரிகிறது என்று இரவெல்லாம் வருந்தும் ஒருவரின் அறிக்கை முற்றிலும் இயல்பாக இருக்கக்கூடும். "சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதே, நடிக்கிறீர்களா?" என்று வீட்டார் கடிந்துகொள்வது நியாயமன்று. அக்கருவி பார்க்க இயலாத இடத்தில் நோய் இருக்கலாம். எரிச்சலும் ஊர்தலும் உணர்விழப்புக்கு முன்னோடியாக வருவதுண்டு. அவற்றைத் தணிக்க மருந்துகளும் உள்ளன.

எரிச்சல் திடீரென்று தானாகவே நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று முடிவுசெய்ய வேண்டாம். அது நரம்பு முற்றிலும் ஓய்ந்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம். மீண்டும் ஒரு முறை பாதத்தைச் சோதித்துப் பார்த்த பின்னரே மகிழ வேண்டும்.

வலியைக் கருவியால் செய்ய முயன்றபோது

உணர்வு போனது தெரிந்தபின், அதன் வேலையைச் செய்ய ஒரு கருவி செய்தால் என்ன என்னும் கேள்வி இயல்பாக எழும். பிராண்டுக்கும் அது எழுந்தது. 1960களின் நடுப்பகுதியில் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருந்த கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே பொறியாளர்களின் துணையுடன், அழுத்தத்தை அளக்கும் சிறு உணரிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தினார். அளவுக்கு மீறிய அழுத்தம் ஏற்பட்டால் நோயாளிக்கு எச்சரிக்கை கிடைக்க வேண்டும்; அதுவே செயற்கை வலி.

எச்சரிக்கை முதலில் காதில் ஒலியாக வந்தது. பிறகு ஒளியாகவும் தரப்பட்டது. நோயாளிகள் ஒலியைக் கேட்டும், ஒளியைப் பார்த்தும், செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்ந்தனர். பின்னர், உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின்னதிர்ச்சி தருமாறு அமைத்தனர். அது உண்மையில் வலித்தது. ஆனால் கடினமான வேலை ஒன்றைச் செய்ய நேரும்போது நோயாளி கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்து, பின் மீண்டும் இயக்கிக்கொண்டார். உணரிகளோ விலையுயர்ந்தவை, விரைவில் பழுதாகின. பல ஆண்டு முயற்சிக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இத்தோல்வியே ஒரு பாடம். இயற்கையான வலியை நிறுத்தும் விசை நம் கையில் இல்லை; அதனால்தான் அதற்கு நாம் கீழ்ப்படிகிறோம். நிறுத்தக்கூடிய எச்சரிக்கையை மனிதர் நிறுத்திவிடுவர். ஆகவே, உணர்விழந்த பாதத்தைக் காப்பது கருவியால் மட்டும் ஆவதன்று. நாள்தோறும் தவறாத பழக்கத்தாலும், அதை மறக்கவிடாத குடும்பத்தாலும் ஆவது.

கார்வில் பணி வீணாகிவிடவில்லை. மேலே கூறிய 10 கிராம் இழையைப் பாதத்தின் பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளும் வழக்கம் அம்மருத்துவமனை ஆய்வாளர்களின் பணியிலிருந்தே பரவியது. புண் உண்டாகுமுன் அவ்விடம் சூடாகிறது என்பதையும் அங்கே வெப்பநிலையை அளந்து கண்டனர்.

வீட்டில் நீங்களே அளக்கலாம்

தொடு சோதனை: இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்த இம்முறைக்குக் கருவி ஏதும் வேண்டா. நோயாளி கண்களை மூடிப் படுத்திருக்கட்டும். வீட்டிலுள்ள ஒருவர் தம் சுட்டுவிரல் நுனியால் இரு பாதங்களின் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு நொடி மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. உணராவிட்டால் மீண்டும் தொட்டுப் பார்க்கவும் கூடாது. வலம் இடம் மாற்றி மாற்றித் தொடுங்கள். ஆறில் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ தெரியவில்லை என்றால் எங்களிடம் வாருங்கள்.

வெப்பச் சோதனை: மாலையில் புறங்கையால் இரு பாதங்களின் ஒத்த இடங்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அது எச்சரிக்கை. மருத்துவர் ஆலோசனையின்பேரில் வெப்பமானி வைத்திருப்போர், ஒத்த இடங்களுக்கிடையே 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு இரண்டு நாள் தொடர்ந்தால், நடப்பதைக் குறைத்து மருத்துவரை அணுக வேண்டும்.

கண்பார்வைச் சோதனை: உறங்குமுன் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய இயலாதோர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பார்வை குறைந்தோருக்கு வீட்டாரே கண்களாக இருக்க வேண்டும்.

நம் ஊர் வாழ்க்கைக்கு ஏற்ற காப்பு

வேலூரின் கோடை வெயிலில் தார்ச்சாலையும் கோயில் பிராகாரக் கல்லும் கால் சுடும். உணர்விழந்தவருக்குச் சுட்டது தெரியாது. மறுநாள் கொப்புளமே சொல்லும். நண்பகலில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்; வழிபாட்டை அதிகாலைக்கோ மாலைக்கோ மாற்றிக்கொள்ளலாம். இருசக்கர வண்டியின் சைலன்சரில் கால் படாதவாறு அமருங்கள். வெந்நீரைக் காலால் சோதிக்காமல், உணர்வுள்ள வேறொருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது பல புண்களுக்குத் தொடக்கமாகியுள்ளது, அறவே தவிர்க்கவும்.

தொழுகைக்கு முன் நாள்தோறும் பலமுறை கால் கழுவுவோர், விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். ஈரம் நின்றால் தோல் ஊறி வெடிக்கும். டேனரியில் சுண்ணாம்பு நீரிலும் இரசாயன நீரிலும் நடப்போர், பூட்ஸுக்குள் நீர் புகுந்துள்ளதா என்று வேலை நடுவிலும் பாருங்கள். பணி முடிந்ததும் கால்களை நல்ல நீரில் கழுவி உலர்த்துங்கள். கால் ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவ வேண்டாம். அதற்கென விற்கும் மருந்து பிளாஸ்திரிகளும் வேண்டா.

உலகின் பல நாடுகளுக்குக் காலணி தைத்து அனுப்பும் வட்டாரம் நம்முடையது. ஆயினும் அதைத் தைக்கும் பலர் வீடு திரும்புவது இரட்டைவார் ரப்பர் செருப்பில்தான். உணர்விழந்த பாதத்துக்கு அது பொருந்தாது. அதைப் பிடித்துக்கொள்ள விரல்கள் இடைவிடாது இறுக வேண்டியிருக்கும். கழன்று விழுந்தாலும் தெரியாது. மைக்ரோசெல்லுலார் ரப்பர் எனப்படும் மென்மையான எம்.சி.ஆர். அடித்தளம், அதன்கீழ் முள்ளும் ஆணியும் துளைக்காத உறுதியான வெளி அடித்தளம், குதிகாலைச் சுற்றிய பின்வார் ஆகியவை உள்ள செருப்பே ஏற்றது. தொழுநோயாளிகளின் பாதங்களைக் காக்க எம்.சி.ஆர். செருப்பைச் செம்மைப்படுத்தியதில் வேலூருக்கும், 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனைக்கும் முக்கியமான பங்குண்டு. செருப்பில் இரும்பாணி அடிக்காமல், ஒட்டியோ தைத்தோ செய்யச் சொல்லுங்கள். வாங்கும்போது, காகிதத்தில் உங்கள் பாதத்தின் விளிம்பை வரைந்து வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். காகிதம் மடங்கினால் செருப்பு சிறியது. "இறுக்கமாகத் தெரியவில்லையே" என்னும் உங்கள் உணர்வை நம்ப வேண்டாம். புதியதை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் அணிந்து, கழற்றி, பாதம் சிவந்துள்ளதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறை அணியுமுன்னும் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அவசியம்.

எப்போது உடனே வர வேண்டும்?

கொப்புளம், வெடிப்பு, புண், சீழ், துர்நாற்றம், தோல் கருத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அன்றே வாருங்கள். புண் இல்லாமலே ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அதுவும் அவசரமே. உணர்விழந்த பாதத்தில் எலும்புகள் முறிந்து நொறுங்கும்போது அவ்வாறு தோன்றலாம். வலி இல்லாததால் நோயாளி அதன்மீதே நடந்துகொண்டிருப்பார். காய்ச்சலும் சேர்ந்தால் இரவென்றும் விடுமுறையென்றும் பாராமல் வாருங்கள்.

புண் ஆறுவதற்கு மருந்தைவிட முதன்மையானது, அதன்மீது எடை படாமல் இருப்பது. உணர்வுள்ளவர் புண்ணுள்ள காலை ஊன்றமாட்டார். அவரை வலி தடுக்கும். உணர்விழந்தவரைத் தடுக்க யாருமில்லை. அதனால்தான் சிலருக்கு மாவுக்கட்டுப் போடுகிறோம்; எலும்பு முறிவுக்கன்று, புண்ணின்மேல் எடை விழாதிருக்க. வேலூரில் பிராண்டின் குழுவினரும் இவ்வழியில் பல புண்களை ஆற்றினர். ஒரு நாள் கூலி போகிறதே என்று கட்டை அவிழ்த்து வேலைக்குச் செல்வோரின் நிலைமை எங்களுக்குப் புரியாமலில்லை. வேலையிடத்துக்கு மருத்துவச் சான்று, அமர்ந்து செய்யும் பணிக்கான பரிந்துரை ஆகியவற்றை வெட்கமின்றிக் கேளுங்கள், எழுதித் தருகிறோம். சில வாரக் கூலியை இழப்பது காலை இழப்பதைவிடச் சிறிய இழப்பே.

நரம்பின் சமிக்ஞை எவ்வளவு குறைந்துள்ளது என்பதை ஆண்டுக்கு ஒரு முறையாவது இங்கே அளந்து சொல்கிறோம். இடர் மிகுந்தோருக்கு இன்னும் விரைவாக நாள் குறித்துத் தருகிறோம். இடையிலுள்ள நாள்களில் காயத்தைக் கண்டறிய வேண்டியவை உங்கள் கண்களும், உங்கள் வீட்டாரின் கைகளுமே. இன்றிரவே உறங்குமுன் விளக்கடியில் அமர்ந்து, பாதங்களைத் திருப்பிப் பாருங்கள். அடுத்த முறை வரும்போது, கடைசியாக எந்த நாள் பார்த்தீர்கள் என்று கேட்போம்.